பாடிய வாயும் படியளந்த கையும்
மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் எழுத்துகளில் இறையுறவும் பிறரன்பும்

இறைவனோடு உறவு கொண்டு வாழ்தல் என்னும் சொற்றொடர் நம் மறையுரைகளிலும் தியான நாள்களிலும் அடிக்கடி ஒலிப்பது. அடிக்கடி ஒலிப்பதாலேயே அதன் பொருள் மங்கிப்போகும் இடர் உண்டு. எவர் இறைவனோடு உறவில் இருக்கிறார், எவர் இல்லை என்று எதைக் கொண்டு அறிவது? நெடுநேரம் செபிப்பதைக் கொண்டா? கண்ணீர் மல்கப் பாடுவதைக் கொண்டா? விவிலியம் தரும் அளவுகோல் வேறு. சீனாய் மலையினின்று இறங்கிவந்த மோசேயின் முகம் ஒளிர்ந்தது என்று விடுதலைப் பயண நூலின் 34ஆம் அதிகாரம் சொல்கிறது. அவ்வொளியை மோசே அறியவில்லை; எதிரே நின்ற மக்கள்தாம் கண்டார்கள். கண்ணால் காணும் சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்ல இயலாது என்று யோவானின் முதல் திருமுகம் முடித்துச் சொல்லிவிடுகிறது. உறவுக்குச் சான்று உறவு கொண்டவனிடம் இல்லை. அவனுக்கு எதிரே நிற்பவனிடம் இருக்கிறது.

இறையியலில் இக்கருத்து வேரூன்றியது. நன்மையானது தன்னைத் தானே பிறர்மீது பரப்பும் இயல்புடையது என்பது இடைக்கால இறையியலாரின் பொதுக் கொள்கை. அதனையொட்டித் தூய தோமா அக்குவினாஸ், வெறுமே ஒளிர்வதைக் காட்டிலும் பிறருக்கு ஒளி தருவது மேலானது என்றும், தியானத்தில் பெற்றதைப் பிறர்க்கு வழங்குவது தியானிப்பதோடு நின்றுவிடுவதைக் காட்டிலும் சிறந்தது என்றும் எழுதினார்.

இந்த அளவுகோலை ஓர் எழுத்தாளரின் படைப்புகளுக்குப் பொருத்திப் பார்க்கலாமா? பொருத்தலாம் என்பதே நம் கருத்து. பக்திப் பாடலைச் சொல்லழகு கொண்டும் இசையினிமை கொண்டும் மதிப்பிடுவது வழக்கம். அது வேண்டுவதே. ஆயினும் பக்திப் பாடல் இறைவனை நோக்கிப் பேசும் பேச்சு. அப்பேச்சுக்குள் பக்கத்து வீட்டுக்காரனின் பசி நுழைகிறதா என்று கேட்பதும் திறனாய்வுதான். அப்படிக் கேட்பதற்குத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே மிகப் பொருத்தமானவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. அவருடைய எழுத்துகளை அந்நோக்கில் இங்கு ஆராய்வோம்.

இரு வேதநாயகர்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் இரு வேதநாயகர் உளர். ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த லுத்தரன் கவிஞர்; பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். நாம் பேச எடுத்துக்கொண்டவர் அவரல்லர். இவர் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் 1826 அக்டோபர் 11 அன்று கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1889 சூலை 21 அன்று மறைந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணி தொடங்கி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவி வகித்தார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள். ஊர்ப்பெயரே அவருக்கு முன்பெயராயிற்று.

அவர் வாழ்ந்த மண்ணையும் கருதவேண்டும். சீர்காழி, முத்துத்தாண்டவரும் இராமநாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த ஊர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்து வட்டாரத்தில் அவர் காலத்திலேயே வாழ்ந்தவர், அவருக்கு நண்பர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ அவர்மீது குளத்துக் கோவை என்னும் நூலே பாடினார். வேதநாயகர் தம் பங்கிற்குத் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றிச் செய்யுள் இயற்றினார். ஒரு கத்தோலிக்க நீதிபதி சைவ மடத்தின் தலைவரைப் பாடுகிறார். ஒரு சைவப் பெரும்புலவர் கத்தோலிக்க நீதிபதியைப் பாடுகிறார். உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றில் இந்நட்பைப் பதிவு செய்துள்ளார். சமரசம் என்ற சொல்லை வேதநாயகர் நூலின் தலைப்பில் வைப்பதற்கு முன்பே அது அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

நீதிபதி எழுதிய நீதி

1859இல் வெளிவந்த நீதிநூல் அவருடைய தொடக்ககாலப் படைப்பு. அதன் அமைப்பே ஒரு செய்தி சொல்கிறது. கடவுள் உண்டு என்பதை முதலில் நிறுவி, அவர் தன்மையைப் போற்றி, அதன்பின் அரசர், குடிகள், குரு, பெற்றோர் என்று ஒவ்வோர் உறவாக நூல் இறங்கிவருகிறது. இறைவனைப் பற்றிய பகுதி வாயிற்படி. வீட்டுக்குள் நுழைந்தபின் காண்பதெல்லாம் மனிதர்கள். பத்துக் கட்டளைகளும் இவ்வாறே இறைவனிடமிருந்து தொடங்கிப் பெற்றோருக்கும் அயலாருக்கும் வருவதை நம் வாசகர் நினைவுகூர்வர்.

இந்நூலில் கைக்கூலி பற்றித் தனி அதிகாரம் உண்டு. கைக்கூலி என்பது இலஞ்சம். பொதுவாக அறநூல் பாடுவோர் கள்ளும் சூதும் பொய்யும் பற்றிப் பாடுவர். நீதிமன்றத்தில் நாள்தோறும் அமர்ந்தவர்க்கு ஏழையின் வழக்கு எந்தக் கதவில் நின்றுபோகிறது என்பது தெரியும். அது தெரிந்தவர் அப்பாவத்திற்குப் பெயரிட்டுத் தனி அதிகாரம் ஒதுக்கினார். தம் தொழிலுக்குள்ளேயே அதற்கு விடை தேடவும் செய்தார். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார். தன் வழக்கின் முடிவு தனக்கு விளங்காத மொழியில் இருக்கும்வரை ஏழைக்கு நீதி பாதிதான் என்பது அவர் கொள்கை. சட்ட நூலைத் தமிழாக்குவதைப் பக்திச் செயல் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் இறைவனின் நன்மைத்தனத்தை ஒரு முன்சீப் தம் மேசைமேல் வைத்துச் செய்யக்கூடிய செயல் அதுவே. பொதுநிலையினரின் அழைத்தல் உலகக் காரியங்களின் நடுவே இறையாட்சியைத் தேடுவது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் கற்பித்தது. அதற்கு நூறாண்டு முன்பே அதனை வாழ்ந்து காட்டியவர் இவர்.

நீதிநூலிடம் குறை இல்லையா? உண்டு. அதன் குரல் நீதி இருக்கையினின்று வரும் குரல். தவறு செய்பவன் அறியாமையால் செய்கிறான். அறிவுரை சொன்னால் திருந்துவான் என்னும் நம்பிக்கை நூல் முழுதும் ஓடுகிறது. நன்மையை விரும்பியும் அதைச் செய்ய இயலாமல் தவிக்கும் மனிதனைத் தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் வரைகிறார். அந்த மனிதன் நீதிநூலில் நமக்கு எதிர்ப்படுவதில்லை. அவனைக் காணவேண்டுமானால், திருவருள் மாலை, திருவருள் அந்தாதி என்று அருளையே தலைப்பாகக் கொண்ட அவருடைய பிற நூல்களிடமும் கீர்த்தனைகளிடமும் செல்லவேண்டும்.

பெயர் சொல்லாத பாடல்கள்

சர்வசமய சமரசக் கீர்த்தனை 1878இல் வெளிவந்தது. எச்சமயத்தாரும் பாடத்தக்கவாறு, எந்தச் சமயத்தின் கடவுட்பெயரையும் சாராமல், எல்லார்க்கும் தந்தையாகவும் தாயாகவும் படைத்தவராகவும் காப்பவராகவும் விளங்கும் ஒரே இறைவனை நோக்கிப் பாடப்பட்டவை இப்பாடல்கள். கருநாடக இசைமேடையில் பிற சமயத்துப் பாடகர்கள் இவற்றை விரும்பிப் பாடிவந்துள்ளனர்.

கீர்த்தனை என்னும் வடிவத்தை அவர் தேர்ந்தது பொருத்தமானது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பது அதன் கட்டமைப்பு. ஒவ்வொரு சரணமும் முடிந்தபின் பாடுவோர் பல்லவிக்குத் திரும்புவர். இறைவனை அழைக்கும் வரி பல்லவியாக நிற்க, சரணங்களில் உலகம் வருகிறது. வேதநாயகரின் சரணங்களில் வரும் உலகம் விரிந்தது. மனத்தின் அலைச்சல், உத்தியோகத்தின் தொல்லை, குடும்பத்தின் பாரம், நாட்டின் பஞ்சம் ஆகியன எல்லாம் இசைக்குள் வருகின்றன. மரபான கீர்த்தனைகளில் தலமும் மூர்த்தியும் புராணமும் நிற்கும் இடத்தில் இவர் அலுவலகத்தையும் அடுப்பங்கரையையும் கொண்டுவந்து நிறுத்தினார். இது தமிழிசைக்கு அவர் தந்த புதுமை. செபத்தைப் பற்றிய பாடமும் ஆகும். தன் வேலையையும் வீட்டையும் வெளியே விட்டுவிட்டு ஆலயத்தினுள் நுழைபவன் அரைமனிதனாகவே இறைவன் முன் நிற்கிறான்.

இந்நூல் குறித்துக் கத்தோலிக்கரிடையே ஒரு தயக்கம் இருந்துவந்துள்ளது. இயேசுவின் திருப்பெயரைச் சொல்லாத பாடல் கிறித்தவப் பாடலாகுமா? எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவென்று பாடுவது நம் விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்யாதா? இக்கேள்வியைப் புறந்தள்ள வேண்டியதில்லை. விசுவாசத்தைப் பொருட்படுத்துபவர்க்கே இக்கேள்வி எழும்.

விடை காண, அவர் எழுதிய பிற நூல்களையும் உடன்வைத்து நோக்கவேண்டும். சத்திய வேதக் கீர்த்தனைகள் பாடியவர் அவரே. தேவமாதா அந்தாதி பாடியவரும் அவரே. திருச்சபையின் உள்ளே நின்று பாடவேண்டியதை அவர் ஒளிக்கவில்லை. ஆகவே, பெயர் சொல்லாமை அவரிடத்தில் மறதியும் அன்று, அச்சமும் அன்று. ஏதென்சு நகரில் அரயோப்பாகு மன்றத்தில் நின்ற பவுல், அவர்கள் அறியாமலே வழிபட்ட கடவுளிலிருந்து பேச்சைத் தொடங்கினார். அவர்களுடைய கவிஞர் சொல்லையே சான்றாக எடுத்துக்கொண்டார் என்று திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. கேட்பவனுக்குத் தெரிந்த மொழியில் தொடங்குவது அன்பின் முறைமை. 1965 அக்டோபர் 28 அன்று வெளியான பிற சமயங்கள் பற்றிய சங்க ஏடு, அச்சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. அந்நோக்கில் இக்கீர்த்தனைகள் காலத்திற்கு முந்தியவை.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பவுல் அரயோப்பாகுவில் அங்கேயே நின்றுவிடவில்லை, உயிர்ப்பைப் பற்றிப் பேசினார், சிலர் நகைத்தனர். சமரசக் கீர்த்தனை அந்த இடத்திற்குப் போவதில்லை. அதன் இறைவன் கொடுப்பவர், காப்பவர், பொறுப்பவர். சிலுவையில் தொங்குபவர் அல்லர். நன்மையை வழங்கும் இறைவனை அங்குக் காண்கிறோம். தம்மையே வழங்கிய இறைவனைக் காண வேறு நூலுக்குச் செல்லவேண்டும். ஆதலின் திருப்பலியில் பாடுதற்கு இவை போதா. அயலாரோடு ஒரே பந்தலில் அமர்ந்து, மனம் ஒன்றி இறைவனை வாழ்த்துதற்கோ இவற்றினும் ஏற்றவை அரிது. ஒரு நூல் எதற்காக எழுதப்பட்டதோ அதைக் கொண்டே அதை மதிப்பிடுவது முறை.

தாது ஆண்டின் சோதனை

மேற்சொன்ன வாதங்கள் எல்லாம் ஏட்டளவில் நின்றிருக்கும், 1876இல் மழை பொய்த்திராவிட்டால். தாது ஆண்டில் தொடங்கி 1878 வரை நீடித்த அப்பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்றே தமிழகத்துப் பெரியோர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சத்தைக் கண்காணிக்க வந்த ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆங்கில அதிகாரி 1877இல், நிவாரண வேலை செய்யும் ஆணுக்குரிய தானிய அளவை நாளொன்றுக்கு ஓர் இராத்தலாகக் குறைத்தார். அரசாங்கச் செலவைச் சுருக்குவதே அதன் நோக்கம். மனித உயிரைக் கணக்கேட்டில் எழுதி, எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று பார்த்த காலம் அது.

அக்காலத்தில் ஓய்வு பெற்றிருந்த மாயூரத்து முன்சீப் எதிர்க்கணக்குப் போட்டார். எவ்வளவு கொடுக்க முடியும் என்பது அவர் பார்த்த கணக்கு. கஞ்சித் தொட்டி வைத்து ஊட்டினார். தம் பொருளையெல்லாம் பசித்தோர்க்குச் செலவிட்டார். அதைக் கண்ணாரக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். சிவனையன்றி மனிதரைப் பாட முற்படாத ஒரு சைவ அடியார் ஒரு கிறித்தவரின் கொடையைக் கண்டு வாய் திறந்தார். மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், உங்கள் நற்செயல்களைக் கண்டு மக்கள் விண்ணகத் தந்தையைப் போற்றும்படி உங்கள் ஒளி ஒளிர்க என்று ஆண்டவர் மொழிந்ததன் பொருளுக்கு இதைவிடத் தெளிந்த உரை தமிழில் இல்லை எனலாம்.

இலக்கியத் திறனாய்வுக்கு உரிய செய்தியும் இங்கு உள்ளது. பஞ்சத்தின்போது வேதநாயகர் இறைவனை நோக்கி முறையிடும் கீர்த்தனைகளையும் பாடினார். பஞ்சத்தைத் தீர்க்கவேண்டும் என்று இறைவனிடம் வாதாடும் பாடல்கள் அவை. துன்பம் வந்தால் அது நம் பாவத்தின் சம்பளம், பொறுத்துக்கொள் என்று உபதேசிப்பது சமயவாதிகளுக்கு எளிது. அந்த எளிய வழியில் அவர் நிற்கவில்லை. பசித்தவன் பக்கத்தில் நின்று, அவனுக்காக இறைவனிடம் வழக்குரைத்தார். திருப்பாடல்கள் நூலிலும் இத்தகைய பாடல்கள் உள. எத்துணைக் காலம் என்று கேட்கும் 13ஆம் திருப்பாடலும், இறைவன் உறங்குகின்றாரோ என்று வினவும் 44ஆம் திருப்பாடலும் அவ்வினத்தவை. நெருங்கிய உறவு உடையவனே இறைவனிடம் அப்படிப் பேச முடியும். அந்நியனிடம் நாம் மரியாதையாகத்தான் பேசுவோம், தந்தையிடம்தான் முறையிடுவோம்.

இங்குக் கருதத்தக்கது இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தமை. பாடிய வாயோடு படியளந்த கையும் இருந்தது. கொடுக்காமல் பாடியிருந்தால் அப்பாடல் வெறும் புலம்பல். ஆடையும் உணவும் இல்லாதவனிடம் சமாதானமாய்ப் போய் வா என்று சொல்லி அனுப்புவதால் பயன் என்ன என்று தூய யாக்கோபு கேட்ட கேள்வி அதன்மேல் விழுந்திருக்கும். பாடாமல் கொடுத்திருந்தால் அது நற்செயலே. ஆயினும் அச்செயல் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரிந்திராது. பாடலே அவ்வூற்றைக் காட்டுகிறது.

கதை சொன்ன விதம்

பஞ்சம் தணிந்த மறு ஆண்டில், 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழின் முதல் புதினம் என்பதால் அதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதனைப் படித்தவர் சிலரே. கதைத்தலைவனைக் காட்டிலும் அவன் மனைவி ஞானாம்பாளே அதில் ஓங்கி நிற்கிறாள். கணவனைப் பிரிந்து, ஆண்வேடம் பூண்டு, விக்கிரமபுரியின் அரசியல் பொறுப்பு தன் தலைமேல் விழ, நீதி வழுவாமல் ஆள்கிறாள். நீதிமன்றங்களில் மக்கள் மொழியாகிய தமிழிலேயே வாதமும் தீர்ப்பும் நடைபெறவேண்டும் என்னும் வாதம் இப்புதினத்திலும் இடம்பெறுகிறது. பெண்மதி மாலை பாடிப் பெண்கல்வியை வற்புறுத்தியவர், ஒரு பெண்ணின் கையில் ஒரு நாட்டையே கொடுத்துப் பார்க்கிறார். அவள் அதிகாரத்தைப் பெற்றதும் அதனைத் தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்தாமல் குடிகளின் குறைதீர்க்கப் பயன்படுத்துகிறாள். பெற்றதைப் பிறர்மேல் பரப்பும் இயல்பு நன்மைக்கு உண்டு என்னும் இறையியல் இங்குக் கதையாகிறது. சமயப் பெயர் எதுவும் ஒட்டப்படவில்லை.

ஆயின் இப்புதினத்தில்தான் அவருடைய எல்லையும் தெரிகிறது. கதை மாந்தர் செல்வக் குடும்பத்து முதலியார்கள். அறம் மேலிருந்து கீழ்நோக்கி ஒழுகுகிறது. செல்வர் கொடுக்கிறார், ஏழை வாழ்த்துகிறான். உழுது விளைவித்தவன் ஏன் ஏழையாய் இருக்கிறான் என்னும் கேள்வியைக் கதை நின்று கேட்பதில்லை. சேரியிலிருந்து ஒருவன் எழுந்து தன் கதையைத் தானே சொல்வதும் இல்லை. இதனை அக்காலத்தின்மேல் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. அதே காலத்தில், அதே வட்டாரத்தில், அவருடைய நண்பராகிய கோபாலகிருஷ்ண பாரதியார், பண்ணையில் அடிமைப்பட்ட நந்தனைக் கதைத்தலைவனாக்கி, ஆண்டையின் முன் அவன் கெஞ்சும் குரலையும் அவன் உள்ளத்தின் வேட்கையையும் இசையில் வைத்தார். கொடையில் நண்பரை விஞ்சிய வேதநாயகர், ஏழைக்குக் குரல் கொடுப்பதில் நண்பரிடம் கற்றிருக்கலாம்.

இது சிறு குறையன்று. இறைவனின் நன்மைத்தனத்தைப் பிரதிபலிப்பது கொடுப்பதோடு முடிவதில்லை. இயேசு அப்பத்தைப் பகிர்ந்தார். அதனோடு, விலக்கப்பட்டோரின் பந்தியில் அமர்ந்தார். தாகத்திற்குத் தண்ணீர் தருமாறு சமாரியப் பெண்ணிடம் கேட்டார். கொடுப்பவனாக மட்டுமே ஏழையின் முன் நிற்பவன் இன்னும் உயரத்தில்தான் நிற்கிறான். பெறுவதற்கும் இசையும்போது அவன் சமதளத்திற்கு இறங்குகிறான். வேதநாயகரைப் போற்றும் நாம் அவர் நின்ற இடத்திலிருந்து இன்னும் ஒரு படி இறங்கவேண்டியவர்கள்.

மணவூரிலிருந்து வாசிக்கையில்

ஒரு நூலை எங்கிருந்து வாசிக்கிறோம் என்பதும் அதன் பொருளை மாற்றும். தொண்டை மண்டலத்தில் மணவூரிலிருந்து இவற்றை வாசிப்பவர்க்குச் சமரசம் என்பது ஆய்வுப் பொருளன்று, அன்றாட நடப்பு. அருகே திருவாலங்காடு. சற்று வடக்கே திருத்தணி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து செல்லும் மக்கள் தமிழும் பேசுவர், தெலுங்கும் பேசுவர். 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது கோடு மாறிற்று. பேச்சும் உறவும் அப்படியே இருந்தன. இத்தகைய இடத்தில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று தெருவில் ஒரு வீடாக, வயலில் ஓர் ஆளாக, இரயிலில் ஒரு பயணியாக வாழ்கிறது. அவர்களுடைய விசுவாசத்தை அயலார் அறிவது திருப்பலியில் அன்று. நெல் அளக்கும்போதும், கடன் கொடுத்து வாங்கும்போதும், சாவு வீட்டில் தோள் கொடுக்கும்போதும் அறிகிறார்கள்.

திருவாலங்காடு நினைவூட்டும் ஒரு வரலாறும் உண்டு. அங்கு வந்து தங்கிய காரைக்கால் அம்மையாரின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். அவ்வரலாறு ஒரு மாங்கனியில் தொடங்குகிறது. கணவன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றை, பசியோடு வந்த அடியார்க்குச் சோற்றோடு இட்டார் புனிதவதியார். பின்னர் நேர்ந்த அற்புதங்களை உலகம் பேசுகிறது. அவற்றுக்கெல்லாம் முன்னே நின்றது, கறியமுது ஆகாத நேரத்தில் வந்தவரைப் பசியோடு அனுப்ப மனமில்லாத ஓர் இல்லத்தரசியின் இரக்கம். காரைக்காலுக்கு அருகேயுள்ள தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்த வேதநாயகர் இவ்வரலாற்றை அறியாதிருந்திருக்க மாட்டார். நம் விசுவாசம் வேறு, அம்மையாரின் சமயம் வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்ல நாம் முற்படவில்லை. ஆயினும் இறையன்பு பசித்தவனின் இலைவழியே நடக்கிறது என்னும் உண்மையை இம்மண் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நாம் இங்கு வாசிக்கும்போது, கேட்பவர்க்கு அது அந்நியச் செய்தியாக ஒலிப்பதில்லை. பசித்தவனுக்கு இட்டது எனக்கே இட்டது என்று சொல்லும் ஆண்டவரின் உரிமைதான் அதில் புதிது.

ஆகவே நம் பொதுநிலை அன்பர்களுக்கு வேதநாயகரைப் பரிந்துரைக்கிறோம். வீட்டுச் செபத்திற்குச் சத்திய வேதக் கீர்த்தனைகளிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். தெருவில் பொங்கலையோ பொதுவிழாவையோ அயலாரோடு கொண்டாடும்போது சமரசக் கீர்த்தனைகளில் ஒன்றைச் சேர்ந்து பாடலாம். அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பணிபுரிவோர் நீதிநூலின் கைக்கூலி அதிகாரத்தை ஒருமுறையேனும் நின்று படிக்கவேண்டும். அன்பியக் கூட்டங்களில் பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஒரு பகுதியை வாசித்து, இதில் யாருடைய குரல் கேட்கவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கலாம். நூலைப் போற்றுவதைப்போலவே நூலிடம் கேள்வி கேட்பதும் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதைதான்.

நம் பங்குகளில் பாடற்குழுக்கள் பெருகியுள்ளன. ஒலிபெருக்கிகளும் இசைக்கருவிகளும் வந்துள்ளன. நன்று. இறைவனைப் பாடும் வாய் எவ்வளவு பெருகினாலும் மிகையன்று. பாடி முடித்துப் படியிறங்கும்போது, ஆலய வாயிலில் அமர்ந்திருப்பவரிடம் நாம் என்ன பேசுகிறோம் என்பதும் அப்பாடலின் ஒரு சரணம். மோசேயின் முக ஒளியை மக்கள் கண்டதுபோல, மாயூரத்து முன்சீப்பின் ஒளியை ஒரு சைவப் புலவர் கண்டு சான்று பகர்ந்தார். நம்மைக் குறித்துச் சான்று பகர்பவரும் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்.